டிக்கிக்குப் போன பேட்டரி

போன வாரம் கிளாஸ்ல ரெண்டு பேர் தனித்தனியா வந்து ஒரே கேள்வியைக் கேட்டாங்க. "மக்கா, உங்க அண்ணன் வண்டியில பேட்டரியை டிக்கிக்கு மாத்துனியாமே, என் ஸ்விஃப்ட்லயும் மாத்தித் தருவியா?"

ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான். வேண்டாம். ஏன்னு கேண்டீன்ல நின்னுகிட்டே சொல்லி முடிக்கிற கதை இல்ல இது. அதனால எழுதிடறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. நடுவுல நான் பண்ணின ஒரு பெரிய மடத்தனமும் வருது. அதை மறைச்சுட்டு எழுதினா இந்தப் பதிவுக்கே அர்த்தம் இல்ல.

முதல்ல வண்டியைப் பத்தி. எங்க பெரியப்பா மகன் ஒரு பழைய கான்டெஸா வெச்சிருக்காரு. 1.8 லிட்டர் இசுஸு பெட்ரோல் எஞ்சின். எஞ்சின்ல கொஞ்சம் கைவேலையும் பண்ணியாச்சு. அண்ணனுக்கு டிராக் ரேஸ் பைத்தியம் (இழுத்துக்கிட்டு ஓடற டிராக், ஓடுபாதை டிராக் இல்ல. தமிழ்ல ரெண்டையும் ஒண்ணாத்தான் எழுத வேண்டியிருக்கு, என்ன செய்ய :-) ). நேர்கோட்டுல கால் மைல், அதாவது 402 மீட்டர். யார் முதல்ல போய்ச் சேர்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. வளைவு கிடையாது, பிரேக் சாகசம் கிடையாது. எல்லாமே முதல் ரெண்டு மூணு செகண்ட்ல வண்டி எப்படிக் கிளம்புதுங்கிறதுலதான் இருக்கு.

இந்தப் பைத்தியம் அண்ணனுக்கு எங்க பெரியப்பாகிட்டேருந்து வந்தது. பெரியப்பா மெட்ராஸ்ல வேலை பார்த்த காலத்துல சோழவரம் போய் ரேஸ் பார்த்தவர். சோழவரம்ங்கிறது ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கதான் வருஷாவருஷம் பந்தயம் நடத்திச்சு. 1990-ல இருங்காட்டுக்கோட்டையில தனி டிராக் வந்த பிறகு சோழவரம் பழங்கதை ஆயிடுச்சு. ஆனா பெரியப்பா வாயில அது இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கு.

சரி, மேட்டருக்கு வருவோம். பேட்டரியை எதுக்குப் பின்னால கொண்டு போகணும்?

மாட்டு வண்டி தெரிஞ்சவங்களுக்கு இது ஒரு வரியில புரியும். முன்பாரம், பின்பாரம். மூட்டையை முன்னால தள்ளி வெச்சா மாட்டுக் கழுத்து அமுங்கும். பின்னால தள்ளி வெச்சா நுகம் மேல தூக்கும். பாரம் அதேதான், வைக்கிற இடம்தான் வேற. காரும் அதே மாதிரி. கான்டெஸா பின் சக்கரம் தள்ளுற வண்டி. அண்ணன் வண்டியில முதல் கியர்ல மிதிச்சா பின் டயர் இருந்த இடத்துலயே சுத்திப் பொடி பறக்கும். சுத்துற டயர் வண்டியைத் தள்ளாது. டயர் ரோட்டைப் பிடிக்கணும்னா அது மேல எடை வேணும். வண்டி முழுக்கப் பாத்தா சுலபமா இடம் மாத்தக்கூடிய கனமான சாமான் ஒண்ணே ஒண்ணுதான், பேட்டரி.

ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். பேட்டரி 15 கிலோ. பானெட்டுக்கு உள்ளேருந்து டிக்கிக்கு சுமார் 3.3 மீட்டர் நகருது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில சுமார் 2.7 மீட்டர். நகர்ற தூரத்தை அச்சு இடைவெளியால வகுத்து எடையால பெருக்கினா 18 கிலோ வருது. அதாவது 15 கிலோ பேட்டரி பின் சக்கரத்துல 18 கிலோ ஏத்துது, முன் சக்கரத்துல 18 கிலோ இறக்குது. வண்டியோட மொத்த எடை மாறவே இல்ல. நெம்புகோல் தத்துவம், எட்டாங்கிளாஸ் பாடம்.

இப்ப ஸ்விஃப்ட் வெச்சிருக்கிற நண்பர்களே, மேல இருக்கிற பாராவை இன்னொரு தடவை படிங்க. உங்க வண்டி முன் சக்கரம் இழுக்கிற வண்டி. போலோ, ஹோண்டா சிட்டி எல்லாமே அப்படித்தான். கிளம்பும்போது எடை தானாகவே பின்னால சாயுறதால முன் டயர் ஏற்கெனவே லேசாகித் தவிச்சுக்கிட்டு இருக்கும். அதுல இருந்து இன்னும் 18 கிலோவை எடுத்தா என்ன ஆகும்? வண்டி மெதுவாகும். காசு செலவு பண்ணி, வண்டியை ஓட்டை போட்டு, தோத்துட்டு வரலாம். வளைவுல ஓடற ரேஸ்காரங்க முன் வீல் வண்டியிலயும் பேட்டரியைப் பின்னால கொண்டு போவாங்க, அது வேற கணக்கு. நேர்கோட்டுக்கு அது சேராது.

இன்னொண்ணு. பின் வீல் வண்டியா இருந்தாலும் டயர் சுத்தாத வண்டியா இருந்தா இந்த வேலையால ஒரு பிரயோஜனமும் இல்ல. பிடிப்பு பத்தலைன்னாதான் எடை உதவும். சக்தியே பத்தலைன்னா என்ன பண்ணாலும் அதேதான்.

இவ்வளவு கணக்கு தெரிஞ்ச நான் என்ன பண்ணினேன்னு இனிமே கேளுங்க.

மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிற திமிர். கோட்டார்ல போய் 25 ஸ்கொயர் எம்.எம். வெல்டிங் கேபிள் அஞ்சு மீட்டர் வாங்கினேன். டிக்கியில ஸ்டெப்னி பக்கத்துல பேட்டரியை வெச்சு நைலான் கயிறால இறுக்கிக் கட்டினேன். பாசிட்டிவ் கேபிளைப் பின் சீட்டுக்கு அடியில, கார்ப்பெட்டுக்குக் கீழ, டிரைவர் சீட்டுக்கு அடியில கொண்டு போய், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகரத்துல ஓட்டை போட்டு ஸ்டார்ட்டர் வரைக்கும் இழுத்தேன். ஓட்டைக்கு ரப்பர் புஷ் போடல. ஃபியூஸ் போடல. "ஸ்டார்ட்டர் 150, 200 ஆம்பியர் இழுக்கும்ணே, ஃபியூஸ் போட்டா போய்க்கிட்டே இருக்கும்"னு அண்ணன்கிட்ட பெருமையா வேற சொன்னேன். கம்பெனியிலேயே ஸ்டார்ட்டர் லைன்ல ஃபியூஸ் இல்லாத எத்தனையோ வண்டி இருக்கேன்னு எனக்கு நானே சமாதானம்.

வண்டி ஸ்டார்ட் ஆச்சு. ரெண்டு நாள் நல்லாத்தான் ஓடிச்சு. "கொள்ளாம் லே"ன்னு அண்ணன் தோள்ல தட்டினாரு.

மூணாம் நாள் ஆரல்வாய்மொழி பக்கம் போயிருந்தோம். (ரேஸ் ஓட்ட இல்ல. ரோட்டுல ரேஸ் ஓட்டுறதைப் பத்திக் கடைசியில சொல்றேன்.) காத்தாடிங்க சுத்துறதைப் பாத்துக்கிட்டே டீ குடிச்சிட்டு வந்து அண்ணன் வண்டியில ஏறினாரு. காலை நீட்டி உட்காரலாம்னு சீட்டைப் பின்னால தள்ளினாரு. அவ்வளவுதான். சீட்டுக்கு அடியில இருந்து ஒரு சத்தம், வெல்டிங் பட்டறையில கேக்குற மாதிரி. அடுத்த நிமிஷம் கார்ப்பெட்ல இருந்து புகை.

சீட் ஓடற தண்டவாளம் ரெண்டு நாளா கேபிளோட ரப்பரை அறுத்துக்கிட்டே இருந்திருக்கு. சீட்டைத் தள்ளினதும் செம்பு தகரத்தைத் தொட்டுடுச்சு.

அண்ணன் சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணினாரு. புகை நிக்கல. எப்படி நிக்கும்? பேட்டரியில இருந்து ஸ்டார்ட்டருக்குப் போற கேபிள் சாவி வழியா போறதே இல்ல. டிக்கியைத் திறக்க ஓடினேன். பூட்டியிருக்கு. சாவி இக்னிஷன்ல இருக்கு. புகைக்குள்ள கையை விட்டுச் சாவியை உருவி, டிக்கியைத் திறந்தா பேட்டரி டெர்மினலைக் கழட்ட 10 நம்பர் ஸ்பானர் வேணும். ஸ்பானர் எங்க இருக்கு? புகை வர்ற சீட்டுக்குப் பின்னால. கடைசியில அண்ணன் தோள்ல கிடந்த தோர்த்தைக் கையில சுத்தி, கிளாம்ப்பைப் பிடிச்சுத் திருகிப் பிடுங்கினாரு. தோர்த்தைத் தாண்டி உள்ளங்கை கொப்புளிச்சுப் போச்சு. அந்தப் பேட்டரிக்கு ரெண்டடி தள்ளித்தான் பெட்ரோல் டாங்க்.

எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம் இருக்குமான்னு தெரியல. எனக்கு இன்னிக்கும் அது அரை மணி நேரம் மாதிரித்தான் ஞாபகம் இருக்கு. அண்ணன் திட்டவே இல்ல. "அப்பாட்ட சொல்லிராத லே" அப்படின்னு மட்டும் சொன்னாரு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அடுத்த நாள் வடசேரியில எங்களுக்குத் தெரிஞ்ச ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஆசான்கிட்ட வண்டியைக் கொண்டு போனோம். கருகின கேபிளைக் கையில எடுத்துப் பாத்தாரு. ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் கேட்டாரு, "மக்ளே, மாடியில தண்ணி டாங்க் இருக்கு. குழாய் கீழ வரைக்கும் வருது. நடுவுல குழாய் ஒடைஞ்சா எங்க அடைப்பே?"

"டாங்க் பக்கத்துல இருக்கிற வால்வுல, ஆசானே."

"அந்த வால்வ் ஒன் வண்டியில எங்கலே?"

நான் நாலு செமஸ்டர் படிச்சதுல இல்லாத பாடம் அது. ஃபியூஸ் இருக்கிறது ஸ்டார்ட்டரைக் காப்பாத்த இல்ல, கேபிளைக் காப்பாத்த. கேபிள் எங்க வேணும்னாலும் அறுபடலாம். அதனால ஃபியூஸ் பேட்டரியில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருக்கிற கேபிளுக்கு எந்தக் காவலும் கிடையாது. பேட்டரி முன்னால இருக்கும்போது ஸ்டார்ட்டர் கேபிள் ஒரு முழம் ரெண்டு முழம்தான், ஆள் ஏறி இறங்குற இடத்துக்கு வர்றதே இல்ல, அதான் ஃபியூஸ் இல்லாம விட்டுடறாங்க. நான் அதையே அஞ்சு மீட்டராக்கி, சீட்டுக்கு அடியில படுக்க வெச்சுட்டு, "கம்பெனியே போடல"ன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

ஒரு கார் பேட்டரியோட உள் எதிர்ப்பு சில மில்லி ஓம்தான். நேரா எர்த் ஆச்சுன்னா ஆயிரம் ஆம்பியருக்கு மேல கூட பாயும். 12 வோல்ட் தானேன்னு நினைக்காதீங்க. 12-ஐ ஆயிரத்தால பெருக்கினா 12,000 வாட். பேட்டரி, கேபிள், தொடுற இடம்னு எல்லாத்துலயும் சேர்ந்து பத்துப் பன்னெண்டு அயர்ன் பாக்ஸ் சூடு. ஷாக் அடிக்காதுங்கிறதுக்காக எரிக்காதுன்னு அர்த்தம் இல்ல.

கம்பெனிக்காரங்களும் பேட்டரியைப் பின்னால வெச்சிருக்காங்க. 1959-ல வந்த மினியில டிக்கியிலதான் பேட்டரி. ஃபோக்ஸ்வாகன் பீட்டில்ல பின் சீட்டுக்கு அடியில. அதுல டெர்மினல் மேல மூடி இல்லாம விட்டா, கனமான ஆள் உட்காரும்போது சீட் ஸ்பிரிங் டெர்மினலைத் தொட்டுத் தீப்பிடிக்கும்னு பேர் வாங்கின வண்டி. எங்க கதைக்குத் தாத்தா கதை! பி.எம்.டபிள்யூ. பல மாடல்கள்ல டிக்கியிலதான் வெக்கிறாங்க. ஆனா மோதல் நடந்து ஏர்பேக் விரிஞ்சா, பேட்டரி டெர்மினல்ல இருக்கிற ஒரு குட்டி வெடி ஸ்டார்ட்டர் கேபிளைத் தானா துண்டிச்சுடும். அவ்வளவு பயப்படறாங்க அந்த நீளமான கேபிளுக்கு.

அப்புறம் ஆசான் பக்கத்துல உட்கார்ந்து ரெண்டாவது தடவை பண்ணினோம். ஒரு நாள் வேலைன்னு நெனச்சது நாலு நாள் ஆச்சு. என்னென்ன பண்ணினோம்னு சொல்றேன்.

கட்டு: கயிறைத் தூக்கி எறிஞ்சாச்சு. பெரிய மோதல்ல ஒரு பொருள் தன் எடையைப் போல இருபது மடங்கு இழுக்கும்னு வெச்சுக்கிட்டா, 15 கிலோ பேட்டரி 300 கிலோ பாரத்தோட பிச்சுக்கிட்டுப் போகும். அமெரிக்காவுல டிராக் ரேஸ் நடத்துற என்.எச்.ஆர்.ஏ. விதிப்படி இடம் மாத்தின பேட்டரிக்குக் குறைஞ்சது ரெண்டு போல்ட், ஒவ்வொண்ணும் 3/8 இஞ்ச் கனம். கிட்டத்தட்ட 10 மி.மீ. நாங்க அடியில இரும்புப் பட்டை குடுத்து, தரைத் தகரத்துக்குக் கீழேயும் பட்டை வெச்சு, போல்ட்டை ஊடுருவிப் போட்டோம். வெறும் தகரத்துல போல்ட் போட்டா தகரமே கிழிஞ்சு வரும்.

பெட்டி: சார்ஜ் ஏறும்போது பேட்டரியில ஹைட்ரஜன் வரும். காத்துல வெறும் 4 சதவீதம் சேர்ந்தாலே பத்திக்கும். டிக்கி மூடின இடம். அதனால மூடி உள்ள பெட்டி, அதுல இருந்து வண்டிக்கு வெளிய போற ஒரு குழாய். தண்ணி ஊத்துற பேட்டரிக்குப் பதிலா ஏ.ஜி.எம். பேட்டரி போட்டோம். அதுலயும் வால்வ் உண்டு, அளவு மீறிச் சார்ஜ் ஆனா வாயு வரும், அதனால குழாயை விடல. பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவுல தகரம் வெச்சு அடைச்சோம்.

கேபிள்: இந்தத் தடவை 50 ஸ்கொயர். அஞ்சு மீட்டர் 10 ஸ்கொயர் கேபிள்ல 150 ஆம்பியர் போனா 1.3 வோல்ட் வழியிலேயே போயிடும். 25 ஸ்கொயர்ல அரை வோல்ட். 50 ஸ்கொயர்ல கால் வோல்ட். சூடான எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது அந்த வித்தியாசம் காதுலயே கேக்கும். பேட்டரி பக்கத்துலயே 250 ஆம்பியர் மெகா ஃபியூஸ். மெதுவா உருகுற வகை, ஸ்டார்ட்டரோட ஒரு செகண்ட் இழுப்பைத் தாங்கும், நேரா எர்த் ஆனா போயிடும். தகரத்தைத் தாண்டுற ஒவ்வொரு ஓட்டையிலயும் ரப்பர் புஷ். முழு நீளத்துக்கும் நெளி பைப். ஒரு சாணுக்கு ஒரு கிளிப். சீட் பக்கமே போகல, கதவு ஓரமா கொண்டு போனோம். லக்கை சுத்தியலால அடிச்சு நசுக்காம கிரிம்பிங் பண்ணினோம்.

எர்த்: இதை எல்லாரும் மறந்துடறாங்க. பாசிட்டிவ் எவ்வளவு கனமோ எர்த்தும் அவ்வளவு கனம். பின்னால பாடியில ஒண்ணு, முன்னால எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒண்ணு. முன்னால இருக்கிறது சரியில்லைன்னா ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியா திரும்பிப் போய் அதையே சுட்டுடும். நம்ம ஊர்ல உப்புக்காத்து வேற. குளச்சல், முட்டம் பக்கத்து வண்டிங்கள்ல எர்த் போல்ட் ரெண்டு மழையில பூத்துடும். பெயின்ட்டை வெள்ளை தெரியச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேல வாசலின் தடவினோம்.

சுவிட்ச்: என்.எச்.ஆர்.ஏ. விதியில பேட்டரியை இடம் மாத்தினா வண்டியோட பின்பக்கம், வெளிய இருந்து கை எட்டுற இடத்துல, மொத்தக் கரண்டையும் நிறுத்துற சுவிட்ச் கட்டாயம். பாசிட்டிவ் லைன்லதான் இருக்கணும். எஞ்சினும் நிக்கணும். இங்கதான் ஒரு சூட்சுமம். பேட்டரியை மட்டும் துண்டிச்சா ஓடற எஞ்சின் நிக்காது. ஆல்டர்னேட்டர் கரண்ட் குடுத்துக்கிட்டே இருக்கும், இக்னிஷன் அதுல ஓடும். அதனால ஆறு கால் உள்ள சுவிட்ச் போட்டோம். ரெண்டு பெரிய கால் பேட்டரிக்கு, ரெண்டு சின்ன கால் இக்னிஷனை வெட்ட, மிச்சம் ரெண்டு ஆல்டர்னேட்டர்ல மிஞ்சுற கரண்டை ஒரு ரெசிஸ்டர் வழியா எர்த் பண்ண. பக்கத்துல நீல முக்கோணத்துக்குள்ள சிவப்பு மின்னல் ஸ்டிக்கர். அது எஃப்.ஐ.ஏ. அடையாளம், ஓடி வர்ற யாருக்கும் இதைத் திருப்பினா கரண்ட் நிக்கும்னு தெரியணும். எங்களை மாதிரி சாவியைத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாது.

எல்லாம் முடிஞ்சதும் எஞ்சினை ஓட விட்டுட்டு ஆசான் பின்னால போய் சுவிட்சைத் திருப்பினாரு. பட்டுனு நின்னுச்சு. "இப்ப எடுத்துட்டுப் போ"ன்னாரு. கூலியைக் குறைச்சுத்தான் வாங்கினாரு. கருகின கேபிள் துண்டை மட்டும் அவரே வெச்சுக்கிட்டாரு, வர்ற பசங்களுக்குக் காட்டணுமாம் :-(

அப்புறம் அண்ணன் வெளியூர்ல ஒரு டிராக்ல போய் ஓட்டினாரு. உள்ள விடறதுக்கு முன்னாடி சோதனை பண்ணினவர் பானெட்டைக் கூட அப்புறம்தான் திறந்தாரு. முதல்ல டிக்கியைத் திறந்து பேட்டரியை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டிப் பாத்தாரு. அசையல. தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு. எனக்கு செமஸ்டர் ரிசல்ட் வந்த மாதிரி இருந்தது.

நேரம் குறைஞ்சுதான்னு கேப்பீங்க. குறைஞ்சுது. ஆனா டயரும் புதுசு, அன்னிக்குக் காலையில குளிர்ச்சி வேற. அதுல பேட்டரியோட பங்கு எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல. வண்டி வேகமா கிளம்பும்போது தானாகவே பின்னால சாயுற எடை எங்க கணக்குப்படி 90 கிலோ பக்கத்துல. அது கூட ஒரு 18 கிலோ. ஒண்ணுமே இல்லைன்னும் சொல்ல முடியாது, பெருசுன்னும் சொல்ல முடியாது. அந்த 18 கிலோவுக்காக அண்ணன் கையில ஒரு தழும்பு இருக்கு. பெரியப்பா அதைப் பாத்து ஒரு நாள் கேட்டாரு. சைலன்சர் சுட்டுடுச்சுன்னு அண்ணன் சொன்னாரு. நான் தட்டுல இருந்த மரச்சீனிக் கிழங்கையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஆக நண்பர்களே, உங்க ஸ்விஃப்ட் பேட்டரி இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். பின் வீல் வண்டி வெச்சிருக்கிற யாராவது கேட்டா வாங்க, கூடமாட நின்னு செய்யறேன். ஆனா ஆசான் பக்கத்துல இருக்கணும். ஃபியூஸ் முதல்ல வாங்கணும், கேபிள் அப்புறம்.

டிஸ்கி: இது முழுக்க மூடின டிராக்ல ஓடற வண்டிக்கு. காவல்கிணறு நாலுவழிச் சாலை டிராக் ஸ்ட்ரிப் கிடையாது. பொது ரோட்டுல ரேஸ் ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு இருக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூணு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லன்னா ரெண்டும். அதை விடுங்க, எதிர்ல வர்றது யாரோட அப்பாவோ.